கிழங்குப் பட்டாணி: விதையிலிருந்து தட்டு வரை

ஜூன் மாதக் கடைசியில் நெதர்லாந்தின் ஆற்றங்கரைகளில் நடந்தால், புல்லுக்கு நடுவே அடர்ந்த ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும் ஒரு கொடி கண்ணில் படும். பூ அப்படியே பட்டாணிப் பூவின் வடிவம். குனிந்து முகர்ந்தால் மென்மையான நல்ல மணம் வரும். கரையில் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கொடிக்கு அடியில் சாப்பிடக்கூடிய கிழங்கு இருப்பது தெரியாது. கருத்த தோல், உள்ளே வெள்ளைச் சதை, விரல் நுனி அளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரை. முதல்முறை கையில் எடுத்துப் பார்த்தபோது பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்குதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை. சிறுகிழங்கு துளசிக் குடும்பம், இது அவரைக் குடும்பம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றே சொல்வீர்கள்.

இதன் தாவரவியல் பெயர் லாத்திரஸ் டியூபரோசஸ். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். டச்சுக்காரர்கள் 'ஆர்ட்ஆக்கர்' என்கிறார்கள். நிலத்தில் விளையும் ஓக் கொட்டை என்று அதற்குப் பொருள். 16ஆம் நூற்றாண்டு மூலிகை நூல்களில் இதற்கு இன்னொரு டச்சுப் பெயரும் இருக்கிறது: 'வால் உள்ள எலிகள்'. கிழங்கை மண்ணிலிருந்து எடுக்கும்போது ஒரு முனையில் மெல்லிய வேர் தொங்கும், அதைப் பார்த்தவருக்கு இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியில் ஃபைஃபீல்ட் என்ற ஊரின் பெயரால் 'ஃபைஃபீல்ட் பட்டாணி' என்பார்கள். தமிழில் வழக்கமான பெயர் இல்லாததால் நான் கிழங்குப் பட்டாணி என்றே எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இது இயல்பாக வளர்கிறது. ஒரு காலத்தில் கோதுமை வயல்களில் சாதாரணமாகக் கிடந்த களை. உழும்போது மேலே வரும் கிழங்கைப் பொறுக்கி வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள், நெதர்லாந்தில் பயிராகவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உருளைக்கிழங்குபோல இது ஏன் எல்லோர் வீட்டுக்கும் வரவில்லை? முதல் வருடம் இது உங்களுக்கு ஒன்றும் தராது, அதுதான் காரணம். கிழங்கு என்பது இந்தச் செடி தனக்காகப் போட்டுவைக்கும் சேமிப்பு. மாடு மேய்ந்தாலும் ஏர் ஓடினாலும் பனி உறைந்தாலும் அடுத்த வசந்தத்தில் திரும்ப எழுவதற்கான முதல் அது. சேமிப்பு சேர நாள் பிடிக்கும், அதைச் செடி ஒளித்தும் வைக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஏன் என்று தானாகவே புரியும்.

யாருக்கு இது சரிப்படும்

குளிர்காலம் உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு. செடி இலையுதிர் காலத்தில் மேலே முழுவதும் காய்ந்து, குளிரில் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். இந்தச் சுழற்சிக்குப் பழகிய செடியை மதுரை வெயிலிலோ யாழ்ப்பாணத்து மணலிலோ வைத்துத் துன்புறுத்த வேண்டாம். அங்கே சிறுகிழங்கும் சிறுவள்ளியும் இருக்கின்றன, அவை அந்த மண்ணுக்குப் போதும். ஐரோப்பாவில் வாழ்பவர்கள் தயங்காமல் வளர்க்கலாம். கனடா, அமெரிக்கா பக்கம் இது வெளியிலிருந்து போய்ச் சில இடங்களில் களையாகப் பரவியிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் உள்ளூர் விதிமுறையைப் பார்த்துவிட்டு, வளர்ப்பதானால் மண் நிரப்பிய துணிப் பைக்குள் மட்டும் வளர்ப்பது நல்லது.

முதலில் அடையாளம்

கடையில் விதை வாங்கினாலும் செடியை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். இதே இனத்தில் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை பல.

தண்டைப் பிடித்துப் பாருங்கள். கிழங்குப் பட்டாணியின் தண்டு கோணம் கோணமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் சிறகுபோல விரிந்த பட்டை இருக்காது. தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் பெரிய ரோஜாநிற நிரந்தரப் பட்டாணிக்கும், காட்டோரங்களில் படரும் அதன் உறவுக்கும் தண்டின் இரு பக்கமும் அந்தச் சிறகு தெளிவாகத் தெரியும். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது இலை. ஒவ்வோர் இலையிலும் ஒரே ஒரு ஜோடி சிற்றிலை, நுனியில் பற்றிக்கொள்ளும் சுருள் கம்பி. ஒரே காம்பில் பத்துப் பதினைந்து சிற்றிலைகள் வரிசையாக இருந்தால் அது வேறு செடி. பூ ஒரு குலையில் இரண்டிலிருந்து ஏழு வரை வரும். நிறம் பளிச்சென்ற சிவப்பு ரோஜா. மஞ்சளாகப் பூத்தால் அது புல்வெளிப் பட்டாணி, அதைத் தோண்டி எடுக்க ஒன்றுமில்லை. கொடி சுமார் ஒரு மீட்டர் வரை ஏறும். பிடிப்பு கிடைக்காவிட்டால் தரையில் படர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம் இதற்கு ஓர் உறவு உண்டு. லாத்திரஸ் லினிஃபோலியஸ் என்ற குட்டிச் செடி, பற்றுக்கம்பி கிடையாது. மலைநாட்டு மக்கள் அதன் கிழங்கை உலர்த்தி மென்றதையும், அது பசியையும் தாகத்தையும் நெடுநேரம் தள்ளிவைக்கும் என்று அவர்கள் நம்பியதையும் 1777இல் தாவரவியலாளர் ஜான் லைட்ஃபுட் எழுதிவைத்திருக்கிறார். அதிமதுர வேர் போல இனிக்கும் என்பது அவர் குறிப்பு. நான் இங்கே சொல்லப்போகும் வளர்ப்பு முறை அதற்கல்ல. அதற்குப் புளிப்பான மலைமண் வேண்டும். நம் செடிக்கோ சுண்ணாம்பு கலந்த களிமண்தான் பிடிக்கும்.

வெளியில் பார்த்த செடியைத் தோண்டி எடுத்து வரலாமா? கூடாது. பிரிட்டனில் நிலத்துக்காரரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நெதர்லாந்தில் இந்தக் கொடி விரும்பி வளரும் ஆற்றங்கரைகள்தாம் ஊரை வெள்ளத்திலிருந்து காக்கும் அணைகள். அவற்றில் ஒரு குழி தோண்டுவதும் சின்ன விஷயமல்ல. சட்டத்தை விடுங்கள், ஆழ உழவும் களைக்கொல்லியும் வந்தபிறகு வயல்களில் இது பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது கரையிலேயே இருக்கட்டும்.

விதையா, கிழங்கா

கிழங்கு கிடைத்தால் கிழங்கையே வாங்குங்கள், ஒரு வருடம் மிச்சமாகும். அரிய காய்கறி விதைகளை விற்கும் சிறு நாற்றங்கால்களில் இலையுதிர் காலத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது கிழங்கு கெட்டியாகவும், ஒரு முனையில் முளைக் கண்ணோ பழைய தண்டின் மிச்சமோ தெரியும்படியும் இருக்க வேண்டும். வாங்கிய அன்றே ஈர மணலில் வைத்துவிடுங்கள். சமையல் மேடையில் ஒரு வாரம் கிடந்தால் சுருங்கிப்போகும், பிறகு முளைப்பது சந்தேகம்.

பெரும்பாலும் விதைதான் கிடைக்கும். அதில் தவறில்லை, பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். விதையின் மேலோடு மிகக் கடினம். தண்ணீர் உள்ளே இறங்காமல் வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும்படி இயற்கையே செய்த பூட்டு அது. அந்தப் பூட்டை நாம் உடைக்க வேண்டும். உப்புத்தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொரு விதையையும் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். கருத்த தோலுக்கு அடியில் வெளிர்நிறம் ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விதையில் வெளிறிய சிறு தழும்பு ஒன்று இருக்கும், முளை அந்தப் பக்கம் வரும் என்பதால் அதைத் தொடாமல் எதிர்ப்பக்கம் தேய்க்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். ஊறி உப்பியவை தயார். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள்.

விதைக்க இரண்டு பருவங்கள் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் சிறு தொட்டிகளில் விதைத்து வெளியிலேயே குளிரில் விட்டுவிடலாம், வசந்தத்தில் முளைக்கும். அல்லது மார்ச், ஏப்ரலில் விதைக்கலாம். எனக்கு முதல் முறைதான் நன்றாக வந்திருக்கிறது. ஆழமான தொட்டியாகப் பாருங்கள், பட்டாணி இனத்துக்கு வேர் நேராக இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டிக்கு இரண்டு விதை. எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. ஒன்று இரண்டு வாரத்தில் வரும், இன்னொன்று ஆறு வாரம் கழித்து வரும். அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

பையில் நடுவது ஏன்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: தரையில் நடாதீர்கள்.

நான் முதலில் என் தோட்டத் துண்டில் தரையில்தான் நட்டேன். மூன்று செடிகள், நன்றாக ஏறின, பூத்தன. இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் தோண்டினால் தண்டுக்கு நேர் கீழே இரண்டே கிழங்கு. மீதியெல்லாம் எங்கே? நூல் போன்ற வேரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒன்று ஒரு முழம் தள்ளி வெங்காயப் பாத்தியில் இருந்தது. இன்னொன்று முழங்கை ஆழத்தில் இருந்தது. பாதி பாத்தியைக் கலைத்து ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. விட்டுப்போன கிழங்குகள் அடுத்த ஏப்ரலில் பாத்தி முழுக்கத் தலைகாட்டின.

அதனால் துணிப் பை. 40 அல்லது 50 லிட்டர் கொள்ளளவு, அரை மீட்டர் அளவுக்கு ஆழம், அடியில் நீர் வடிய வழி. பழைய பெரிய வாளியில் ஓட்டை போட்டும் பயன்படுத்தலாம். ஓட்டைகளின் மேல் மெல்லிய கம்பி வலை ஒன்றைப் போட்டுவிடுங்கள், எலிக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். தோட்டத்து மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மண் புளிப்பானது என்று தெரிந்தால் ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள். மணல் கூடுதலாக இருந்தால் அறுவடையில் கிழங்கு சுத்தமாகப் பிரிந்து வரும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம். அவரைக் குடும்பம் என்பதால் வேரில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். நாம் மேலே கொட்டினால் இலை மட்டும் கொழிக்கும். ஒரு பைக்கு மூன்று நாற்று போதும், இடையில் ஒரு சாண் விட்டு நடுங்கள்.

முதல் கோடை

பை வெயிலில் இருக்கட்டும். ஏறுவதற்குக் கிளைத்த சுள்ளிகளை ஊன்றுங்கள். வழுவழுப்பான மூங்கில் கழியைவிடச் சுள்ளிதான் பற்றுக்கம்பிக்கு வசதி. மண் காயாமல் தண்ணீர் விடுங்கள், தேங்க விடாதீர்கள்.

இளந்தளிருக்கு முதல் எதிரி ஓடில்லா நத்தை. ஏப்ரல், மே மாதங்களில் மழை பெய்த இரவில் ஒரு தளிர்கூட மிஞ்சாமல் போகலாம். டார்ச் எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது, பத்து மணிக்குப் போய்க் கையால் பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தளிர் போனாலும் மனம் விடாதீர்கள். அடியில் சிறிதாவது சேமிப்பு இருந்தால் செடி மறுபடி எழும். ஒரு சாண் உயரம் தாண்டிவிட்டால் நத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

முதல் வருடம் பூ வராமலும் போகலாம், வந்தாலும் கொஞ்சம்தான். அக்டோபரில் கொடி மஞ்சளாகிக் காயும். செடி செத்துவிட்டது என்று நினைத்துப் பையைக் காலி செய்பவர்கள் உண்டு. சாகவில்லை, உறங்கப் போகிறது. காய்ந்த கொடியை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு மேலே உலர்ந்த இலைகளை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். கடுங்குளிர் உள்ள ஊரில் பையைச் சுவரோரம் நகர்த்துங்கள், ஏனென்றால் தரையை விடப் பையின் மண் சீக்கிரம் உறையும்.

ஆர்வம் தாங்காமல் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். அப்போது வேரில் அரிசி அளவில் வெளிறிய முடிச்சுகள் தென்பட்டால் அவை கிழங்கல்ல, தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சுகள். கிழங்கு கருத்த தோலோடு தனியாகத் தெரியும். முதல் வருடம் அது அவரைக்கொட்டை அளவுக்கு மேல் இருக்காது.

இரண்டாம் ஆண்டும் அறுவடையும்

இரண்டாம் வசந்தத்தில் தளிர்கள் கனமாக வரும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பூக்கும், பெருந்தேனீக்கள் நாள் முழுக்கச் சுற்றும். பூக்களை எல்லாம் கிள்ளிவிட்டால் கிழங்கு பெருக்கும் என்று சிலர் கிள்ளுவார்கள். செடியின் சத்து நெற்றுக்குப் போகாமல் கீழே இறங்கும் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் எனக்கு மனம் வருவதில்லை. பூ வாடியதும் பிஞ்சுகளை மட்டும் எடுத்துவிட்டு, விதைக்காக ஐந்தாறு நெற்றை விடுகிறேன். நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். பழுப்பாகத் தொடங்கும்போதே சிறு துணிப் பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

அறுவடைக்கு அவசரம் வேண்டாம். கொடி முழுவதும் காய்ந்தபிறகு, நவம்பரில். இலையில் இருக்கும் மாவுச்சத்து கடைசி வாரங்களில்தான் கீழே இறங்குகிறது. ஒரு தார்ப்பாயை விரித்துப் பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டுங்கள். விரல்களால் மண்ணை உதிர்த்துத் தேடினால் போதும், மண்வெட்டி தொடக்கூடாது. பெரும்பாலான கிழங்குகள் பையின் அடியிலும் சுவரோரத்திலும் சிக்கியிருக்கும். ஓடிப்போக முயன்று தடுக்கப்பட்ட இடம் அது.

கொட்டியதும் மூன்றாகப் பிரியுங்கள். நல்ல பெரியவற்றில் இரண்டு மூன்றை அடுத்த நடவுக்கு முதலில் ஒதுக்குங்கள், சமையலுக்கு அப்புறம்தான். பெரியதை எல்லாம் தின்றுவிட்டுச் சிறியதையே நட்டு வந்தால் உங்கள் கையிலேயே செடி நலியும். மிகச் சிறியவை எல்லாம் திரும்பப் பைக்கு. நடுத்தரம் தட்டுக்கு. இரண்டாம் வருடம் மூன்று செடியிலிருந்து இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும் அளவு வந்தால் சந்தோஷப்படுங்கள். நிறைய வேண்டும் என்பவர் மூன்றாம் ஆண்டு வரை விட்டுவைக்கலாம். இரண்டு பைகள் வைத்து வருடத்துக்கு ஒன்றாகக் கவிழ்ப்பதுதான் என் ஏற்பாடு.

எலி விஷயம். வயல் எலிக்கு இந்தக் கிழங்கின் மேல் தனிப் பிரியம். குளிர்காலத்தில் பையின் அடி ஓட்டை வழியாகவே நுழைந்து மொத்தத்தையும் தின்றுவிடும். மேலே ஒரு அடையாளமும் தெரியாது, ஏப்ரலில் தளிர் வராதபோதுதான் தெரியும். அடியில் போட்ட கம்பி வலை அதற்குத்தான். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

எடுத்த கிழங்கைக் கழுவாமல் ஈர மணலில் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

சமையல்

தோல் மெல்லியது, ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்துத் தோல் எடுப்பார்கள் அல்லவா, அதே வழி இதற்கும் பொருந்தும். முரட்டுத் துணியில் கொஞ்சம் கல்லுப்போடு போட்டுத் தேயுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் பரவாயில்லை.

உப்புத் தண்ணீரில் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். கத்தி நுனி எளிதாக இறங்கினால் எடுத்துவிடலாம். சுவை செஸ்நட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் இருக்கும், மாவாகவும் லேசான இனிப்பாகவும். வேகவைத்ததை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கினால் இந்த ஊர்ச் சுவை. ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டால் தோல் மொறுமொறுப்பாகிவிடும். எனக்குப் பிடித்தது நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மிளகு மட்டும் தூவிப் பிரட்டுவது. சாம்பார் பொடி, மசாலா எதுவும் வேண்டாம். இரண்டு வருடம் காத்து வாங்கிய சுவை அதில் காணாமல் போய்விடும்.

விதையைத் தின்னாதீர்கள்

நெற்றும் விதையும் பார்க்கச் சாப்பிடும் பட்டாணிபோலவே இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: இந்தச் செடியில் கிழங்கு மட்டும்தான் உணவு. துவரம் பருப்பில் கலப்படமாக வரும் கேசரிப் பருப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதே லாத்திரஸ் இனம்தான். பஞ்ச காலங்களில் அதையே மாதக்கணக்கில் முதன்மை உணவாகத் தின்றவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போயின. அதனால்தான் இந்தியாவில் 1961இல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. அழகுக்கு வளர்க்கும் ஸ்வீட் பீ விதையும் உண்ணத் தகாதது. இந்த இனத்தில் எந்த விதையையும் வாயில் வைக்காமல் இருப்பதே சரியான பழக்கம். கிழங்கையும் வேகவைத்தே சாப்பிடுங்கள், எப்போதாவது ஒரு வேளைக்கு. அடையாளத்தில் துளி சந்தேகம் இருந்தாலும் அந்தக் கிழங்கு அடுப்புக்குப் போகக்கூடாது.

சமைத்த அன்றே மறுநடவையும் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஒதுக்கிய கிழங்கு காய்ந்துவிடும். அதே மண்ணில் ஒரு பங்கு புது மட்கு கலந்து, முளைக் கண் மேலே பார்க்க ஒரு விரல் ஆழத்தில் வைத்து, இலையால் மூடுங்கள். பையில் செடியின் பெயரோடு நட்ட வருடத்தையும் அழியாத மையில் எழுதிவையுங்கள். குளிர்காலம் முழுக்க அது வெறும் மண் பை மாதிரிதான் தெரியும், மார்ச்சில் தோட்டத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர் கொட்டிவிடக்கூடாது.